பஞ்சு வைத்த பாதங்கள்

அண்டாவுக்குள் கையை முழங்கை வரை விட்டுச் சூடு பார்த்தாள் நோனா. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு இருக்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. உயிர் போனாலும் மையித்துக்கு நோவு தெரியும் என்பது அந்த ஊர்ச் சனத்தின் நம்பிக்கை. இலந்தை இலை அரைத்துக் கலந்த தண்ணீர் அண்டாவில் இருந்தது. கற்பூரம் கரைத்தது பக்கத்து வாளியில். பீபி வீட்டுக் கொல்லையில், பலா மரத்துக்கும் குசினிச் சுவருக்கும் நடுவே பழைய சேலைகளைக் கட்டி மறைப்புப் போட்டிருந்தார்கள். உள்ளே பலகையில் நுஸ்லா கிடந்தாள். பீபிக்கு ஒரே மகள், இன்னும் கட்டிக்கொடுக்காத பெண்.

முந்தாநாள் வரை ஜிப்ரி ஹாஜியாரின் மிளகு ஸ்டோரில் நோனாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். நோனாவுக்கும் அங்கேதான் நாள் கூலி. உக்குவளையில் ரயில் பாதைக்கு மேலே இருக்கிற அந்தக் கொலனியில் பெண்கள் யாராவது மௌத்தானால் குளிப்பாட்ட நோனாவைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு அவள் ஒன்றும் வாங்குவதில்லை. எத்தனையோ பேரைக் கழுவிய கைதான். ஆனாலும் கூட வேலை செய்த பெண்ணின் தலைமுடியைப் பிரித்து நனைக்கும்போது அந்தக் கைக்கு வேலையே மறந்துவிட்டது.

"ஊத்து," என்றாள்.

முனவ்வரா ஊற்றினாள். அவளும் ஸ்டோரில் வேலை செய்கிறவள்தான். மையித்துக் குளிப்பாட்ட உதவிக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

தலை, முகம், வலது பக்கம், இடது பக்கம் என்று கீழே இறங்கி வந்தார்கள். மணிக்கட்டு இரண்டிலும் வளையல் போட்ட மாதிரி ஒரு கறுத்த தடம் இருந்தது. நுஸ்லா வளையல் போடுகிறவள் இல்லை. நோனா அதன்மேல் தண்ணீர் விடச் சொல்லிக் கை காட்டினாள். பிறகு காலுக்கு வந்தார்கள்.

உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தன. குதிகாலுக்குப் பக்கத்தில் தோல் வெடித்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. மிளகுக்காரிகளின் கால் நோனாவுக்குத் தெரியாததா? களத்தில் காயும் மிளகைக் காலால்தான் புரட்டுவார்கள். வெறுங்காலைத் தரையோடு இழுத்து, வரப்பு வரப்பாகக் கோடு போட்டுக்கொண்டே வெயிலில் நடக்க வேண்டும். அந்த வேலையில் எல்லாருக்கும் கால் கறுத்துக் காய்த்துப்போகும். இது அது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

முனவ்வரா செம்பைச் சாய்த்தாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"ராத்தா, கால இழுத்துக்கிட்டா."

"என்னத்த செல்ற?"

"தண்ணி பட்டதும் கால இழுத்தா. நான் கண்டேன்."

"மையித்து இழுக்காது. ஊத்து."

முனவ்வரா கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். நோனா காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கைக்குள் ஏதோ கூசிச் சுருங்கியது. அது தன் கை நடுக்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறைப்புக்கு வெளியே பீபியின் குரல் கேட்டது. மகளின் முகத்தைக் கண்டதும் ஆஸ்பத்திரியிலேயே மயங்கி விழுந்தவள் அவள். குளிப்பாட்டுகிற இடத்துக்கு வந்தால் தாங்கமாட்டாள் என்று பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

"ராத்தா, எப்பிடி ஈக்கிறா?"

குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பலகையில் கண்டது பலகையோடு போக வேண்டும். மையித்தின் ஐபை, அதாவது அதன் குறையை, வெளியில் சொல்வது பாவம். நோனா அதுவரை அதை மீறியதே இல்லை. அது போக, வெளியே நின்று கேட்பது பெற்ற வயிறு.

"தூங்குற மாதிரி ஈக்கிறா பீபி. ஒடம்புல ஒரு பழுதும் இல்ல."

முனவ்வரா தலையைக் குனிந்துகொண்டாள். நோனா பஞ்சை எடுத்து இரண்டு உள்ளங்காலிலும் தடிப்பாக வைத்தாள். கசிவு கஃபன் துணிக்கு வந்துவிடக் கூடாது. அதன்மேல் துணியைச் சுற்றி, கால்களைச் சேர்த்துப் பிடித்துக் கடைசி முடிச்சைப் போட்டாள். முகத்தை மட்டும் திறந்து தாய்க்குக் காட்டினார்கள்.

பாதையில் பொலிஸ் ஜீப் ஒன்று நின்றது. சார்ஜன்டும் இன்னொருவனும் அதில் சாய்ந்துகொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்த இஞ்சி பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று சார்ஜன்ட் சொன்னானாம். அதற்கு முன்பே அடக்கிவிட்டார்கள்.

*

நடந்ததாக ஊருக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். ஹாஜியார் வீட்டில் தங்க மாலை ஒன்று காணாமல் போனது. ஸ்டோர் வேலை முடிந்ததும் அந்த வீட்டுக் குசினியையும் கூட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறவள் நுஸ்லா. பொலிஸில் முறைப்பாடு போனது. ஜீப்பில் வந்த அதே சார்ஜன்ட்தான் விசாரிக்கக் கூட்டிப்போனான். மறுநாள் காலையில் விட்டுவிட்டார்களாம். பஸ் ஹோல்ட்டில் மயங்கி விழுந்தவளைப் பொலிஸ்காரர்களே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். பெரிய உபகாரம். விட்ட பிறகு செத்தவள் என்பதால் அது பொலிஸ் காவலில் நடந்த மரணம் இல்லை, நீதவான் வரத் தேவையில்லை, மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்தால் போதும் என்றார்கள்.

மையித்தை அறுப்பது என்றால் அந்தச் சனத்துக்குக் குலை நடுங்கும். ஆஸ்பத்திரி வாசலில் மயக்கம் தெளிந்து எழும்பிய பீபி கேட்டதெல்லாம் ஒன்றுதான், பிள்ளையை அறுக்காமல் தாருங்கள் என்று. பொலிஸுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஹாஜியார் யார் யாருக்கோ போன் பேசினார். மாரடைப்பு, சந்தேகம் ஒன்றும் இல்லை என்று காரியம் முடிந்தது. அறுக்காமல் எடுத்துத் தந்தாரே என்று ஊரே ஹாஜியாருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டது. பீபி ஹாஜியார் மனைவியின் கையைப் பிடித்து நன்றி சொல்லி அழுதாள்.

மிளகு சீசன் யாருக்காகவும் நிற்காது. மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் நோனா களத்துக்குத் திரும்பினாள். உச்சி வெயில் நேரம். பெண்கள் ஸ்டோருக்குள் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே களத்தில் சர்ர்... சர்ர்... என்று கேட்டது. காலை இழுத்து மிளகு புரட்டுகிற சத்தம்.

"யாரு இன்னம் சாப்புடாம நிக்கிற?" என்று கேட்டாள் நோனா.

எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள். அவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். களத்தில் ஆள் இல்லை. சிமெந்தில் அடித்த வெயில் கண்ணைக் கூசச் செய்தது. காலையில் இழுத்த வரப்புகள் எல்லாம் சுவரை நோக்கி நேராகக் கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் குறுக்கே, புதிதாகப் புரண்டு, ஈரப் பக்கம் மேலே தெரியக் கிடந்தது. அது நேராகவும் இல்லை. காலை ஊன்ற முடியாத ஒருத்தி பயந்து பயந்து இழுத்துக்கொண்டு போன மாதிரி, விட்டுவிட்டுப் போய்க் களத்தின் ஓரத்தில் நின்றிருந்தது.

கோழி என்றார்கள். காற்று என்றார்கள். மிளகைப் புரட்டுகிற காற்றை நோனா இன்னும் கண்டதில்லை. மறுபடியும் ஒரு நாள் அதே நேரத்தில் அந்தச் சத்தம் வந்தபோது அவள் எழும்பிப் போகவில்லை. முனவ்வராவைப் பார்த்தாள். முனவ்வரா வாய்க்குப் போன சோற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரத்தோடு அவள் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். உள்ளங்கால் எரிகிறது, தரையில் வைக்க ஏலவில்லை என்று சொல்லி அனுப்பினாள். பிறகு கலேவெலயில் இருக்கிற மாமி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை.

சீசன் முடிகிற நேரம் ஹாஜியாரின் மனைவி ஸ்டோருக்கு வந்தாள். கழுத்தில் அந்த மாலை கிடந்தது. அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். பொலிஸுக்குப் போன் பண்ணிச் சொல்லியும் விட்டார்களாம். மிளகு புடைத்துக்கொண்டிருந்த சுளகுகள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன, பிறகு அசைந்தன. நோனாவும் தலை நிமிராமல் புடைத்தாள்.

*

ஒரு பின்னேரம் பீபி, சட்டத்தரணி ரஜிதாவைக் கூட்டிக்கொண்டு நோனா வீட்டுக்கு வந்தாள். பொலிஸில் அடிவாங்கினவர்களுக்காகக் கோர்ட்டில் பேசுகிற பெண் ரஜிதா. பீபிக்கு அவரைத் தேடிப்போக ஒரு காரணம் கிடைத்திருந்தது. வஹகோட்டைக் கத்தோலிக்கன் ஒருவன் அவள் வீட்டைத் தேடி வந்தானாம். கசிப்புச் சாராயம் விற்றுப் பிடிபட்டு, நுஸ்லா பொலிஸில் இருந்த அன்றைக்குப் பக்கத்துக் கூண்டில் கிடந்தவன். கால், கால் என்று ஒரு பெண் கத்திக்கொண்டே இருந்ததைக் கேட்டவன். காலையில் அவளை யாரும் விடவில்லை, இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் போனார்கள் என்று சொல்லியிருக்கிறான். கோயிலில் மெழுகுதிரி கொளுத்தப் போன இடத்தில் கை வரவில்லையாம், அதனால்தான் வந்தானாம். ஆனால் கோர்ட்டுக்கு வரமாட்டான். அவனுக்கும் அதே பொலிஸ்தான்.

"அந்தாள் வராட்டியும் பரவாயில்லம்மா," என்றார் ரஜிதா. "ஒடம்பக் கண்ட ஒருத்தங்க சொன்னா, தோண்டிப் பாக்கச் சொல்லி நீதவான்கிட்ட கேக்கலாம். நாள் போகப் போக மண்ணு எல்லாத்தையும் தின்னுரும்."

பீபி நோனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கதானே கழுவின ராத்தா. கால் எப்பிடி ஈந்திச்சி?"

நோனா தேத்தண்ணி போடப் போகிறவள் மாதிரி எழுந்து குசினிக்குள் போனாள். கேத்தலில் தண்ணீர் சூடேறியதும் கற்பூர வாசனை வந்தது. வீட்டில் எங்கேயும் கற்பூரம் இல்லை. குளிப்பாட்டிய நாளிலிருந்து தண்ணீர் சுட வைக்கும் போதெல்லாம் இப்படித்தான். அவள் மகன் ஹுஸ்னி பின்னாலேயே வந்தான். த்ரீவீல் ஓட்டுகிறவன்.

"உம்மா, ஒண்டும் செல்லாதீங்க. நான் நாள் முழுக்க ரோட்டுல நிக்கிறவன். அவனுகளோட நமக்கு ஏலாது."

"அந்தப் புள்ளைக்கு ஏலுமாயா ஈந்திச்சி?"

"மையித்துட ஐப வெளிய செல்லப்படாதுண்டு நீங்கதானே எப்பவும் செல்ற?"

நோனா கேத்தலை இறக்கி வைத்தாள். இத்தனை நாளும் அவளும் அதையேதான் பிடித்துக்கொண்டு படுத்தாள். படுத்தாளே தவிரத் தூங்கவில்லை.

"அது அவட ஐபா மகன்? அவ என்ன குத்தம் செஞ்சா? காலுல ஈந்தது அடிச்சவன்ட ஐப். அதத்தான் நான் பஞ்சு வச்சு மூடிட்டேன்."

நோனா முன்னறைக்குத் திரும்பிவந்து, பீபிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டிலிருந்து தொடங்கிக் கண்டது எல்லாவற்றையும் சொன்னாள். பீபி அழவில்லை. தன் இரண்டு கால்களையும் மெல்ல இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டாள்.

*

நோனாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் கோர்ட்டில் தமிழில்தான் சொல்வேன் என்றாள். சார்ஜன்டுக்காக வந்த சட்டத்தரணி மரியாதையான ஆள். சத்தம் போடவில்லை, விரலை நீட்டவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"அன்றைக்குத் தாய் உங்களிடம் ஏதாவது கேட்டாரா?"

"கேட்டா. எப்பிடி ஈக்கிறாண்டு கேட்டா."

"என்ன சொன்னீர்கள்?"

நோனா சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பீபி முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்குற மாதிரி ஈக்கிறா. ஒடம்புல ஒரு பழுதும் இல்லண்டு."

அதைச் சிங்களத்தில் சொன்னபோது சார்ஜன்ட் தலையை ஆட்டினான். எல்லாம் சரியாக இருக்கிறது என்கிற மாதிரி ஆட்டினான்.

"அப்படியானால் அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"அண்டக்கி சென்னதுதான் பொய். பெத்த உம்மாக்கு வேற என்னத்த செல்லுற?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. தோண்டிப் பார்க்கக் கட்டளை இட்டார். அன்றைக்குப் பீபி கோர்ட் வாசலில் நோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கட்டளை வந்துவிட்டது, நாள்தான் வரவில்லை. ஒரு முறை டொக்டருக்கு நேரமில்லை. அடுத்த முறை மழை. அதற்கடுத்த முறை பொலிஸ் அனுப்ப வேண்டிய கடிதம் எங்கேயோ நின்றுவிட்டது. இதற்கிடையில் ஹுஸ்னியின் த்ரீவீலை வளைவுக்கு வளைவு மறித்தார்கள். ஒரு நாள் லைட் சரியில்லை, இன்னொரு நாள் அவன் முகம் சரியில்லை. நோனாவை இனி வர வேண்டாம் என்று ஹாஜியார் ஆள் அனுப்பினார். கோபத்தில் இல்லையாம், அவளைக் கண்டால் மற்றப் பெண்கள் பயப்படுகிறார்களாம். அவள் தோட்டங்களுக்குச் சாதிக்காய் பொறுக்கப் போனாள். பகல் நேரத்தில் ஸ்டோர் மதிலுக்குப் பக்கத்தால் நடந்து போகும்போது உள்ளே அந்தச் சத்தம் கேட்கும். அவள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் போனால் நுஸ்லாவைத் தனியாக விட்டுவிட்டுப் போவது போல இருக்கும்.

*

அடுத்த சீசன் மிளகு காயத் தொடங்கிய பிறகுதான் நுஸ்லாவை அடக்கிய மையவாடியில் மண்வெட்டி விழுந்தது. பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் அங்கே இல்லை. தான் போட்ட முடிச்சை அடையாளம் காட்ட வேண்டும் என்பதால் நோனாவை மட்டும் கோர்ட் கூப்பிட்டிருந்தது. பீபி வெளியே கேட்டடியில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

குழியைச் சுற்றி நீலப் படங்குச் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். பாதுகாப்புக்கு வந்திருந்தது அதே ஸ்டேசன்தான். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதால் அந்தச் சார்ஜன்டும் வேலையில்தான் இருந்தான். பொலிஷ் போட்ட சப்பாத்தில் சேறு படாமல் ஒரு பலகைத் துண்டின் மேல் நின்றான்.

குழிக்குள் மூடியிருந்த பலகைகளைத் தூக்கியதும் முதலில் மேலே வந்தது கற்பூர வாசனை. இன்றைக்குத்தான் கரைத்து ஊற்றியது மாதிரி வந்தது. குழி வெட்டினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டொக்டர் மாஸ்கைத் திரும்பவும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஓங்க முடிச்சா?" என்று ரஜிதா கேட்டார்.

"என்ட முடிச்சுத்தான்."

டொக்டர் கால்மாட்டிலிருந்து பிரித்தார். துணி விரல் பட்ட இடமெல்லாம் கிழிந்தது. உள்ளே பஞ்சு இருந்தது. பழைய புளி மாதிரி கறுத்து இறுகி, வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்ததும் கீழே சின்னச் சின்ன எலும்புகள். நோனா கண்ட கத்தரிக்காய் நிறத்தை மண் தின்றிருந்தது.

"சதையே இல்லயே அம்மா," என்றார் டொக்டர் சிங்களத்தில். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. "அடி பட்டது சதையில். எலும்பில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று கொழும்பில்தான் பார்க்க வேண்டும். இந்தப் பஞ்சும் போகும். இதில் இரத்தம் இருந்தால், மிஞ்சியது இது ஒன்றுதான்."

இரண்டு பாதங்களையும் பஞ்சோடு ஒரு பெட்டியில் வைத்து, நாடா சுற்றி, அரக்கு வைத்து மூடினார்கள். மற்றதைத் திரும்ப அடக்கலாம் என்றார்கள். நோனா கொண்டுவந்திருந்த புதுத் துணியை விரித்தாள். தலைமாட்டில் முடிச்சுப் போட்டாள், இடுப்பில் போட்டாள். கால்மாட்டுக்கு வந்தபோது கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வெறும் துணியை மடித்துத் திருகி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு எழும்பினாள்.

கேட்டடியில் பீபி கல்லிலிருந்து எழுந்து நின்றாள்.

"ராத்தா, எப்பிடி ஈக்கிறா?"

அதே கேள்வி. அதே குரலும்கூட. நோனா அவள் தோளில் கை வைத்தாள். இந்த முறை ஒன்றையும் மூடப் போவதில்லை என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள்.

"எலும்பாகிட்டா பீபி. கால் ரெண்டும் இல்ல. கொழும்புக்குக் கொண்டு போறாங்க."

"எப்பத் தருவாங்க?"

"அது செல்லல்ல."

பீபி தலையை ஆட்டினாள். பிறகு காதைச் சாய்த்தாள். மையவாடிக்குக் கீழேதான் ஹாஜியாரின் ஸ்டோர். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்காக அடைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் களமும் பரப்பிய மிளகும் தெரிந்தன, ஆள் யாரும் தெரியவில்லை.

"மெளகு பெரட்டுற சத்தம் கேக்குதே ராத்தா. யாரு அது?"

நோனா பதில் சொல்வதற்குள் ஜீப் கிளம்பி வந்தது. வழக்குப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது பொலிஸின் வேலையாம், ரஜிதா எவ்வளவோ பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. பெண்கள் இருவரும் மதிலோரம் ஒதுங்கினார்கள். பின் சீட்டில் சார்ஜன்ட் இருந்தான். பெட்டி கீழே, அவனுடைய இரண்டு சப்பாத்துகளுக்கு நடுவே இருந்தது. பாதையின் குழியில் விழுந்து ஜீப் குலுங்கியபோது பெட்டி வழுக்கியது. சரியாமல் இருக்க அவன் ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.